ஏழு நிமிடம்

ஆரெண்டால் துறைமுகத்திலிருந்து
கருவாடும் பலகையும் ஏற்றிக்கொண்டு
மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகிறது கப்பல்.
தல்லாக் அதில் இரண்டாம் மாலுமி.
காலை எட்டு மணிக்குக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது
அவன் வேலைகளில் ஒன்று.
ஏழரைச் சுற்று.
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
சொல்லப்போனால்
கப்பலில் அதைவிடச் சின்ன வேலை கிடையாது.

பித்தளை வளையங்களுக்கு நடுவே
தொட்டில் பிள்ளையாய்க் கிடக்கும் அது.
கப்பல் எப்படிப் புரண்டாலும் மல்லாந்தே இருக்கும்.
கிரீனிச்சின் நேரம் தவிர
வேறொரு நேரம் அதற்குத் தெரியாது.
மேல்தளத்தில் சூரியனை அளக்கும் கேப்டன் ஓஸ்முண்
"இப்போது!" என்று கத்துவார்.
அந்த நொடியைக் கீழே அறையிலிருந்து
வாசித்துச் சொல்பவன் தல்லாக்.
சூரியன் சொல்லும் நேரத்துக்கும்
பெட்டி சொல்லும் நேரத்துக்கும் உள்ள பேதம்தான்
அவர்கள் மேற்கே வந்த தூரம்.

ஜனவரி ஒன்பதாம் தேதி
அவன் கடைவாய்ப் பல்லைத்
தச்சன் நீரி குறட்டால் பிடுங்கினான்.
முதல் இழுப்பில் பாதிதான் வந்தது.
மீதிக்கு அரைப் புட்டி ரம்.
எட்டு மணி எப்போது வந்து போனதோ,
விழித்தபோது விளக்கேற்றியிருந்தார்கள்.
பெட்டியைத் திறந்தான்.
நொடிமுள் செத்த எறும்பைப்போல
நின்ற இடத்தில் நின்றிருந்தது.

சாவி கொடுத்தான். அசையவில்லை.
பெட்டியோடு சேர்த்துக் கால் வட்டம்
சட்டென்று திருப்பினால்தான் உயிர் வரும்.
வந்தது.
தன் பைக்கடிகாரத்தைப் பார்த்து
கூட்டிக் கழித்து, குத்துமதிப்பாக
முள்ளை நகர்த்தினான்.
வீங்கிய கன்னத்தை ஒரு கையால் பிடித்தபடி
மற்ற கையால் மூடியை மூடினான்.

அன்றிலிருந்து இரண்டு கப்பல்கள்.
ஒன்று காகிதத்தில்,
ஒன்று தண்ணீரில்.
காகிதக் கப்பலுக்குத்தான்
கேப்டன் தினமும் பென்சிலைக் கூராக்கிப் புள்ளி வைத்தார்.
தல்லாக் நொடி பிசகாமல் வாசித்தான்.
குரல் நடுங்கவில்லை.
அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள்
கவைவால் கரும்பறவை இரண்டு
பாய்மரத்தைச் சுற்றின.
"கரைக்கு இத்தனை தொலைவில் இவை ஏது?" என்றார் கேப்டன்.
"பறவைக்கு என்ன கணக்கு தெரியும்" என்றான் சமையல்காரன்.

அன்றிரவு மேகம் விலகியது.
பாதி நிலா. அதற்குக் கிழக்கே சிவப்பாய் ஒரு மீன்.
அவர்கள் வைத்த பெயர் வேறு;
நமக்கு ரோகிணி.
சந்திரன் அவளிடமே தங்கிவிட்டான் என்று
மற்ற இருபத்தாறு பேரும் தகப்பனிடம் முறையிட்டதெல்லாம்
ஓஸ்முண்ணுக்குத் தெரியாது.
அவருக்குத் தெரிந்தது ஒன்றே:
அவளை நோக்கி அவன் மணிக்கு அரைப் பாகை நகர்வான்.
அந்தக் கடிகாரத்துக்கு
யாரும் சாவி கொடுக்க வேண்டாம்.

செக்ஸ்டன்ட் கண்ணாடிக்குள்
விண்மீனை மெல்ல இழுத்துவந்து
நிலவின் ஒளிர்ந்த விளிம்பில் ஒட்டவைத்தார்.
ஐந்து முறை.
பிறகு அட்டவணைப் புத்தகம், மெழுகுவத்தி,
இரண்டு மணி நேரக் கணக்கு.
அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது.
கடலில் ஏழு நிமிடம் என்பது நூறு மைல்.
நூறு மைல் என்பது, அன்றிரவு,
விடிவதற்குள் பார்புடாவின் பவளப்பாறை.

பாயைச் சுருக்கச் சொன்னார், தெற்கே திருப்பச் சொன்னார்.
கீழே வந்து
நாட்குறிப்பில் பிழையை எழுதி,
காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டார்.
கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்:
"பல் எப்படி இருக்கிறது?"
"இப்போது வலி இல்லை."
"நல்லது."

விடிந்தபோது வலப்பக்கம்
தரை என்று சொல்லமுடியாத அளவுக்குத் தாழ்ந்த ஒரு கோடு.
அதன் முன்னே நெடுக வெள்ளை நுரை.
நீரி தொப்பியைக் கழற்றினான்.
யாரும் எதுவும் பேசவில்லை.

எட்டு மணிக்குத் தல்லாக் சாவியை எடுத்தான்.
பல் இருந்த குழியை
நாக்கு தானாகத் தேடிப் போனது.
ஒன்று, இரண்டு என்று
மேல்தளம் வரை கேட்கும்படி
எண்ணிக்கொண்டே திருகினான்.